எத்தனை மணிக்கு வந்து சேரணும் சார்?

1. மூச்சு வாங்காதவன்

திருச்சியில் நடந்த மாநில மாரத்தானில் நான் மூன்றாவதாக வந்து நின்றபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. நான் செய்த தப்பு அதுதான். அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் பானையில் தண்ணீர் மொண்டு முகம் கழுவினேன். யாரோ கொடுத்த துண்டில் துடைத்துக்கொண்டேன். ஒப்படைத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட திருப்தியோடு வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

டைம் கீப்பர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு காலேஜில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வழுக்கைத் தலை, கழுத்தில் இரண்டு ஸ்டாப் வாட்ச்.

"யோவ், இருபத்தாறு மைலும் ஓடித்தான் வந்தியா?"

"ஆமா சார்."

"பின்ன ஏன்யா ஒனக்கு மூச்சு வாங்கலை?"

"நேரம் இருந்துச்சு சார். அவசரப்பட வேண்டியதில்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு முன்னாடி வந்தவன் ஒரே ஒரு நிமிஷம்தான்யா முந்தி வந்தான். தள்ளாடிக்கிட்டு வந்தான். நீ கொஞ்சம் காலை எட்டிப் போட்டிருந்தா அவனைப் பிடிச்சிருக்கலாம். ரெண்டு பேரைத்தான் அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புவாங்க. நீ மூணாவது. தெரியுதா?"

"நீங்க சொன்ன நேரத்துக்கு வந்துட்டேனே சார்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் நான் அவரிடம் கேட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அகில இந்தியப் போட்டிக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பாடும் பட்டேன். எனக்கு இருபத்தெட்டு வயது. முப்பத்திரண்டு தாண்டினால் கூப்பிடமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என் பேரைப் போட்டு ஒரு கடிதம் வரும், அதில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருக்கும், பனியனிலும் அப்படியே எழுதித் தருவார்கள் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்.

இன்றைக்கு ஓடுகிற தம்பிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் சொன்ன நேரத்துக்கு வருகிறவன் உண்டா என்பார்கள். நான் அப்படித்தான் வந்தேன். ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் பிழைப்பைச் சொல்லவேண்டும்.

2. இண்டர்வெல் மணி

புதுக்கோட்டை சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் நான் தபால் ரன்னர் வேலையில் சேர்ந்தேன். குடுமியான்மலைக்கு அப்பால் எங்கள் ஊர். அங்கிருந்து மெயின் ரோட்டில் இருந்த சப் போஸ்டாபீசுக்கு எட்டு மைல். காலையில் ஊர்த் தபால் பையைச் சுமந்துகொண்டு போவேன். ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டை பஸ் வரும். என் பையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது கொண்டுவந்த தபாலை வாங்குவோம். போஸ்ட்மாஸ்டர் அதைப் பிரித்து எங்கள் பக்கத்துக் கடிதங்களை ஒரு பையில் கட்டி அரக்கு முத்திரை வைப்பார். ஒன்பதரைக்குப் புறப்பட்டு மறுபடி எட்டு மைல்.

எங்கள் ஊரில் தபாலாபீசு என்று தனியாக ஒன்று கிடையாது. ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார்தான் தபாலையும் பார்த்தார். பையை அவர் கையில்தான் கொடுக்கவேண்டும். பதினொன்றேகாலுக்கு இண்டர்வெல் மணி அடிக்கும்போதுதான் அவர் வெளியே வருவார். மணிக்கு முன்னால் போனால் வெயிலில் நிற்கவேண்டும். இண்டர்வெல் முடிந்து போனால் அவர் வகுப்புக்குள் போய்விடுவார், மத்தியானம்வரை வரமாட்டார். ஒருதடவை பத்து நிமிஷம் பிந்திப் போய் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். "வாய்ப்பாடு நடக்குது கருப்பையா, போயிட்டு அப்புறம் வா" என்று திரும்பிக்கொண்டார். கடிதத்துக்காகக் காத்திருந்த சனம் என்னைத்தான் வைதது.

அதனால் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. என்னிடம் கடிகாரம் கிடையாது. கையில் சலங்கை கட்டிய கம்பு உண்டு, பாம்பு பூச்சியை விரட்டுவதற்கு. அந்தச் சலங்கைச் சத்தத்துக்குக் கால் போடுவேன். இத்தனை சத்தத்துக்கு ஒரு மைல் கல் என்று உடம்புக்கே தெரியும். மழை, எதிர்க்காற்று, பையின் கனம் எல்லாவற்றுக்கும் தகுந்தபடி ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வேன். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். கருப்பையாவைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

3. அந்தோணிசாமி பார்த்த சோதனை

எட்டாவது வருஷம் சப் ஆபீசுக்கு அந்தோணிசாமி என்று ஒரு போஸ்ட்மாஸ்டர் மாற்றலாகி வந்தார். ஆவூர்க்காரர். என்னைவிட மூன்று வயது இளையவர், ஆனாலும் நான் சார் என்பேன், அவர் என்னை நீங்க என்பார். புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். எதற்கெடுத்தாலும் அதைப் பார்ப்பார்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, "கருப்பையா, தினம் எட்டு அம்பதுக்கு வாரீங்க. ஒரு நிமிஷம் அங்கிட்டு இங்கிட்டுப் போக மாட்டேங்குது. எங்க கடிகாரம் பாக்குறீங்க?" என்றார்.

"எங்கயும் பாக்கலை சார். வந்துருவேன்."

அவர் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்த மூணாவது மைல் கல் வரைக்கும் போயி, சரியா அம்பது நிமிஷத்துல திரும்பி வாங்க பாப்போம்" என்றார். போய் வந்தேன். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர்தான் பேப்பரில் பார்த்து, புதுக்கோட்டையில் பத்து மைல் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். சலங்கைக் கம்போடு நின்றேன். அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பு இல்லாமல் ஓட முதல் ஒரு மைல் எனக்குக் கால் பின்னிக்கொண்டது.

புறப்படும் முன் அந்தோணிசாமியிடம் கேட்டேன். "எத்தனை மணிக்கு வந்து சேரணும் சார்?"

"போன தடவை ஜெயிச்சவன் ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல வந்தானாம்."

சரியென்று ஒரு நிமிஷம் மிச்சம் வைத்து, ஒரு மணி நாலு நிமிஷத்தில் வந்து சேர்ந்தேன். அன்றைக்கு என்னைவிட வேகமாக ஓட ஆளில்லை. மாலை போட்டார்கள், ஒரு வெண்கலச் செம்பு கொடுத்தார்கள். இதுதான் பந்தயம் போல, நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு வந்து சேர்ந்தால் மாலை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தோற்றிருந்தால் அன்றைக்கே புத்தி வந்திருக்கும். ஜெயித்ததால் கெட்டேன்.

4. பதிலாள்

அந்தோணிசாமியே திருச்சி மாரத்தானுக்கும் என் பேரைக் கொடுத்தார். அது சனிக்கிழமை. சனிக்கிழமை தபால் உண்டு. எங்களைப் போன்ற ரன்னர்களுக்கு லீவு வேண்டுமானால் நாமேதான் பதிலாளைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அந்த ஆள் என்ன செய்தாலும் பொறுப்பு நம் தலையில். பை ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டால் மேலே எழுதுவார்கள், ரன்னர் வேலையே கைவிட்டுப் போனாலும் போகும்.

என் மச்சினன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை பார்த்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். வேறு யாரும் எட்டு மைல் ஓடத் தயாரில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருச்சிக்குப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

என் சம்சாரம் அழகம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "நான் கொண்டு போறேன்" என்றாள்.

"நீயா?"

"ஏன், விறகு சுமந்துக்கிட்டு இலுப்பூர்ச் சந்தைக்கு நடக்கலையா நான்? காகிதம் என்ன விறகை விடவா கனக்குது?"

போஸ்ட்மாஸ்டரிடம் அவளையும் அழைத்துப் போனேன். அந்தோணிசாமி தயங்கினார். "பொம்பளை ஆள் தனியாப் பை தூக்கி யாரும் பாத்ததில்லையேம்மா" என்றார்.

"இனிமே பாக்கட்டும் சார்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். கைநாட்டு வாங்கிக்கொண்டு பதிலாள் என்று அவள் பேரை எழுதினார். நான் வெள்ளிக்கிழமைப் பையைக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்குப் புறப்பட்டேன். போகும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "இங்கிட்டு நான் பாத்துக்கிறேன். அங்கிட்டு நீங்க பாத்துக்குங்க."

சனிக்கிழமை விடியக்காலையில் டிரில் மாஸ்டரிடம் வழக்கம்போல் கேட்டேன். "எத்தனை மணிக்கு வந்து சேரணும் சார்?" அவர் என்னவோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு, "போன வருஷம் ஜெயிச்சவன் ரெண்டு மணி அம்பத்தெட்டு நிமிஷம்யா, நீ அதுக்குள்ள வந்துரு" என்றார். இருபத்தாறு மைல் முன்னூற்று எண்பத்தைந்து கஜம். மனதுக்குள் பங்கு போட்டுக்கொண்டேன். தஞ்சாவூர் ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்பும்போது முன்னால் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் கோயமுத்தூர் மில்லில் வேலை பார்ப்பவர். மில்காரர் என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் கடைசிவரை ஓடினார். அவரைப் பார்த்து, பாவம், இவ்வளவு சீக்கிரம் போய் என்ன பண்ணப் போகிறார், வெயிலில் நிற்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நொடி முன்பின் இல்லை. மில்காரர் ஐம்பத்தாறு.

5. அழகம்மா ஓடிய ஓட்டம்

அன்று சாயங்காலம் புதுக்கோட்டையிலிருந்து எங்கள் பஸ்ஸில் திரும்பினேன். டிரைவர் காதர் பாய் என்னைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி உட்கார்ந்தார்.

"கருப்பையாண்ணே, ஒங்க வீட்டுல அது பொம்பளையா என்னாண்ணே?"

"ஏன் பாய், என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். ராத்திரி பெய்த மழையில் குடுமியான்மலைக்கு இங்கிட்டு உள்ள காட்டாற்றில் இடுப்பளவு தண்ணீர். அழகம்மா பையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேலே ஏறிப் போய் அகலமாக, ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து இறங்கிக் கடந்திருக்கிறாள். அதில் நேரம் போய்விட்டது. அவள் சப் ஆபீசு தெருவுக்குள் வரும்போது பஸ் நகர்ந்துவிட்டது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள்.

"கண்ணாடியில பாத்தேன். யாரோ சண்டைக்கு வருதுன்னு நினைச்சேன். ஒரு பர்லாங்கு இருக்கும்ணே. நான் பிரேக் போடுறதுக்குள்ள பின்னாடி ஏணியைப் பிடிச்சுருச்சு. பையை உள்ள தூக்கிப் போட்டுட்டு ரோட்டுலயே உக்காந்துருச்சு. பேச முடியலை, மூச்சு அப்படி இரைக்குது. அந்தோணி சாருதான் தண்ணி கொண்டாந்தாரு. காலு பூரா முள்ளு."

வீட்டுக்குப் போனபோது அவள் காலை நீட்டி உட்கார்ந்து ஊசியால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பற்றி முதலில் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எனக்கு என் ஆத்திரம். டிரில் மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு நான் வந்தும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பேச்சு மாறிவிட்டார், அநியாயம் என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "ஒங்களுக்கு மூச்சு வாங்குச்சா?" என்றாள்.

"இல்லை. எதுக்கு வாங்கணும்? நேரம் இருந்துச்சு."

ஊசியைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "நான் இங்க நாக்குத் தள்ள ஓடியிருக்கேன். எதுக்கு? நீங்க அங்க போயி ஓடுவீங்கன்னு. நீங்க மூச்சே வாங்காம வந்து நின்னுட்டு, மூணாவதுன்னு சொல்றீங்க."

"நேரத்துக்கு வந்தேன்ல?"

"நேரத்தை யாரு கேட்டா? நான் நேரமா பாத்து ஓடுனேன்? பஸ்ஸைப் பாத்துல்ல ஓடுனேன். பஸ்ஸு முன்னாடி போயிக்கிட்டு இருக்கு, அதைப் பிடிக்கணும். அம்புட்டுத்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மிச்ச முள்ளை நான் எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அவள் விளக்கை நகர்த்தி வைத்தாள்.

6. பஸ்ஸின் பின்னால்

புத்தி வந்துவிட்டது, கால் கேட்கவேண்டுமே. எட்டு வருஷம் பழகிய கால். தனியாக ஓடிப் பார்த்தால் உடம்பு தானாகக் கணக்குப் போட்டு நிதானத்துக்கு வந்துவிடும். வேகம் என்பதே எனக்கு வராது.

அந்தோணிசாமியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அழகம்மா பண்ணுனதை நீங்களும் பண்ணுங்க" என்றார். பஸ் ஒன்பது பத்துக்கு இலுப்பூர்ப் பக்கம் புறப்படும். அவர் தபாலைப் பிரித்து முத்திரை வைக்க ஒன்பதரை ஆகும். நடுவே இருபது நிமிஷம். தினம் அந்த இருபது நிமிஷமும் நான் பஸ்ஸைத் துரத்தினேன்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "ஏறிக்கய்யா, இடம் இருக்கு" என்பார்கள். "டிக்கெட் எடுக்க மனசில்லாம ஓடியாராரு" என்பார் கண்டக்டர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காதர் பாய் கொஞ்ச தூரம் மெதுவாக விடுவார், நான் ஏணியைத் தொடப் போகும்போது வண்டியை மிதிப்பார். "இன்னிக்குப் புளியமரம் வரைக்கும்ணே, நாளைக்குப் பாலம் வரைக்கும்" என்று ஜன்னல் வழியாகக் கத்துவார். முதல் வாரம் புழுதியைத் தின்று ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்தேன். இப்படித்தான் அழகம்மாவுக்கு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஏணி விரலில் பட்டது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வர நேரமாகிவிட்டது. சப் ஆபீசிலேயே பத்து நிமிஷம் பிந்திப் புறப்பட்டு, இண்டர்வெல் மணியைத் தவறவிட்டேன். ஊர்த் தபால் மத்தியானம்வரை பள்ளிக்கூடத்து வாசலில் கிடந்தது. அந்தோணிசாமி மேலே அனுப்புகிற தாமதச் சீட்டில் காரணம் எழுதவேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ரன்னர் தாமதம் என்று மட்டும் எழுதினார். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பாலத்தைத் தாண்டினதில்லை.

7. மதுரை

அடுத்த மாநிலப் போட்டி மதுரையில். பங்குனி மாதம், ஆறு மணிக்கே காற்று சுட்டது. அதே டிரில் மாஸ்டர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னய்யா, நேரம் கேக்கலையா இந்தத் தடவை?" என்றார்.

"வேண்டாம் சார். தயவுசெஞ்சு சொல்லிராதீங்க."

போலீஸ்காரர் எடுத்த எடுப்பிலேயே பறந்துவிட்டார். அவரைப் பிடிக்க யாராலும் ஆகாது என்று தெரிந்தது. மீதி இருப்பது ஒரு இடம். நான் மில்காரரின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் பனியனில் இடது தோளுக்குக் கீழே ஒரு கிழிசல். அதைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். மைல் கல் வந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அப்படியும் மனசு கணக்குப் போடப் பார்க்கும், இப்போது இத்தனை மணி, இன்னும் இத்தனை நிமிஷம் என்று. ஒரு இடத்தில் கணக்குக்குள் போயே போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கிழிசல் தெரியவில்லை. மில்காரர் இரண்டு பர்லாங்கு முன்னால் போயிருந்தார்.

அப்போது இருபது மைல் முடிந்திருக்கும். தொண்டை வறண்டு, கண்ணுக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பறந்தது. எலுமிச்சைத் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் நின்று குடிக்கலாம் என்றிருந்தது. நின்றால் போனது போனதுதான் என்று தெரியும். இந்நேரம் அழகம்மா பையோடு வழியில் இருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அவள் எங்கேயும் நிற்கமாட்டாள். நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று எழுத எனக்குத் தெரியாது. மூச்சு என் மூச்சு மாதிரியே இல்லை, வேறு யாரோ பக்கத்தில் இரைக்கிற மாதிரி இருந்தது.

மைதானத்து வாசலில் கிழிசல் மறுபடி தெரிந்தது. உள்ளே ஒரு சுற்று. பாதிச் சுற்றில் மில்காரருக்குப் பக்கத்தில் வந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது. அவருக்கும் அந்த ஒரு இடம்தான். நான் தாண்டிப் போனேன். கோட்டுக்கு அப்பால் விழுந்தேன். வாயில் மண்.

டிரில் மாஸ்டர் குனிந்து பார்த்தார். "இப்ப வாங்குதுல்ல மூச்சு" என்றார்.

எனக்குப் பேச வரவில்லை. பழக்கம் விடுமா, கையை மட்டும் ஆட்டிக் கேட்டேன், எத்தனை மணி என்று.

"மூணு மணி நாலு நிமிஷம். போன வருஷத்தை விட ஏழு நிமிஷம் லேட்டு."

லேட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன்.

"படுய்யா, படு. வெயிலு அப்படி, எல்லாருக்குந்தான் லேட்டு. நீ ரெண்டாவது."

மில்காரர் கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏனுங்க, போன வருசம் சும்மா பொறத்தாலயே வந்தீங்களே, இந்த வருசம் என்னுங்க ஆச்சு?" என்றார். அவருக்கு முப்பத்திரண்டு வயது, அதுதான் அவருடைய கடைசிப் போட்டி என்று பிறகு தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

8. என் பேருக்கு வந்த கடிதம்

மூன்று வாரம் கழித்து, ஒருநாள் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்த அந்தோணிசாமி எழுந்து நின்றார். "கருப்பையா, ஒங்க பேருக்கு ஒண்ணு" என்று நீட்டினார்.

கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். "கவர்ல எந்த ஊரு போட்டிருக்கு சார்?"

"ஒங்க ஊருதான்."

"அப்ப எங்க ஊர்ல வச்சுல்ல கொடுக்கணும். பையில போட்டுக் கட்டுங்க."

"விளையாடாதீங்க கருப்பையா. பிரிச்சுப் பாருங்க."

நான் அடம்பிடித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பையில் போட்டு அரக்கு வைத்தார். எட்டு மைல் சுமந்தேன். இண்டர்வெல் மணிக்கு வாத்தியார் வந்து பையைப் பிரித்தார். அழகம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய ஈரக் கையோடு வந்தாள். வாத்தியார் படித்தார். கருப்பையா, மெட்ராஸ் ஸ்டேட், மாரத்தான். அதற்கு மேல் என் காதில் விழவில்லை. கடிதம் சுமந்து சுமந்து காய்ப்பு ஏறிய தோள் என்னுடையது, அதில் என் பேருக்கும் ஒன்று வந்துவிட்டது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அழகம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை நாளுக்குப் போகணும்?" என்றாள்.

வாத்தியார் பார்த்து, "பயிற்சியும் சேத்து இருபத்தஞ்சு நாளு" என்றார்.

"அப்ப நாளையிலேருந்தே பையை நான் தூக்குறேன். நீங்க ஓடிப் பழகுங்க" என்றாள்.

அகில இந்தியப் போட்டியில் ஒன்பதாவதாக வந்தேன். அதையும் சேர்த்து நாலு தடவை மாநிலத்துக்காக ஓடினேன், ஒருதடவை மூன்றாவது. அறுபதுகளில் ஓட்டத்தை வைத்தே எனக்குப் போஸ்ட்மேன் வேலை நிரந்தரமானது. நான் ஓடப் போன ஒவ்வொரு நாளும் அந்தப் பதினாறு மைலும் அழகம்மா ஓடினாள். அவளுக்கு யாரும் ஸ்டாப் வாட்ச் பிடிக்கவில்லை. பஸ்ஸை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இப்போது என்னிடம் வருகிற தம்பிகள், எத்தனை நிமிஷத்தில் ஓடவேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் நேரம் சொல்லுவதில்லை. நீ இங்கே ஓடுகிற நேரத்தில் உன் பையை யார் சுமக்கிறார்கள் என்று கேட்பேன். அம்மாவோ அண்ணனோ கட்டினவளோ, யாராவது ஒருவர் இருப்பார். அவருக்கு வாங்குகிற மூச்சாவது உனக்கு வாங்கவேண்டும்.